முப்பத்தெட்டுத் தலை

எண்ணிக்கை சரிதான். முப்பத்தெட்டு. பஸ் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணி ஏற்றியது ஜெயரூபி டீச்சரேதான். காலையில் மாவிலிக்குளத்தில் ஏற்றும்போது முப்பத்தெட்டு, மியூசியத்தை விட்டுக் கிளம்பும்போதும் முப்பத்தெட்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு என்ன கேடு இந்த மனசுக்கு? அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைத்துக்கொண்ட பொம்பளை மாதிரி அது கிடந்து பரபரத்தது. அணைத்தாயிற்று. பால் பாத்திரத்தை மூடினோமா, மூடினோம். கொல்லைக் கதவு? பூட்டியாயிற்று, சாவி கைப்பையில், இதோ. பையைத் திறந்து சாவியைத் தொட்டுப் பார்த்து, மூடி, மறுபடி திறந்து மியூசியத்தில் கொடுத்த சீட்டையும் பார்த்து மூடினாள். பாலம் போயிற்று, சர்க்கரை ஆலைத் தொட்டி போயிற்று, வெயில் இடது பக்கத்து ஜன்னல் வழியாக வந்து மடியில் உட்கார்ந்தது. வலது உள்ளங்கையில்தான் ஒரு குறுகுறுப்பு. அரிப்பு என்று சொல்ல முடியாது, எரிச்சலும் இல்லை. சேலையில் தேய்த்தாள், போகவில்லை. முள்ளம்பன்றி முள்ளாக இருக்கும். விளக்கம் சொல்கிற ஆள் ஒரு முள்ளைக் கையில் கொடுத்து, "தொட்டுப் பாருங்க டீச்சர், பேனா கணக்கா இருக்கும்" என்றாரே, அதைத் தடவியதுதான். ஆனால் அது வழவழவென்றல்லவா இருந்தது, நுனிதானே கூர், நுனியை அவள் தொடவே இல்லை. இது ஓரிடத்தில் குத்திய மாதிரி இல்லை, உள்ளங்கை முழுக்கப் பொடிப்பொடியாக, பரவலாக. எதையோ தொட்டிருக்கிறோம். எதை என்றுதான் தெரியவில்லை.

பின்னால் சத்தமே இல்லை. இருக்காது. ஏறியதும் அவள் போட்ட உத்தரவு அது, வாயில் விரல். மியூசியத்துக்குள் புலியைப் பார்த்தவுடன் முப்பத்தெட்டும் சேர்ந்து உறுமி, அந்த ஆபீசர் அறையை விட்டு எழுந்து வந்து "எந்த ஸ்கூல் நீங்க?" என்று கேட்டாரே, மானம் போகவில்லையா? "ஊர் போய்ச் சேருற வரைக்கும் ஒருத்தி ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது, வையி விரலை" என்றாள். வைத்துவிட்டார்கள். ஜெயரூபி டீச்சர் கிளாஸ் என்றால் சும்மாவா? ஏழாம் வகுப்பு வாத்தியார் வகுப்புக்குள் நுழையும்போது மரத்தடிச் சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும், ஆறாம் வகுப்பில் ஃபேன் ஓடுவது கேட்கும். தலைமையாசிரியரே மற்ற டீச்சர்களிடம் "ரூபி டீச்சர் கிளாஸைப் போய்ப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வையி என்றால் வைக்கும், எடு என்றால் எடுக்கும். பக்கத்து சீட்டில் பி.டி. மாஸ்டர் தங்கதுரை சார் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். கொடுத்துவைத்த மனுஷன், எண்ணுகிற வேலை அவருக்கு இல்லை. "டீச்சர்..." என்று பின்னாலிருந்து ஒரு குரல். கிளாஸ் லீடர் இசக்கிராஜ். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், விரல் தானாக வாய்க்குப் போய்விட்டது. லீடர் என்றால் மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது.

கொம்பையா நிற்பார். அதுதான் இந்தப் பரபரப்போ? செங்கல் சூளையில் வேலை முடிந்து, மேலெல்லாம் செம்மண்ணோடு, பஸ் வந்து நிற்கிற வேப்பமரத்தடியில் நாலரைக்கே வந்து நிற்பார். மகள் முப்பிடாதியை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். சம்மதப் படிவத்தை இரண்டு தடவை பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பொண்டாட்டி போய் மூன்று வருஷம், இருப்பது இந்த ஒற்றைப் பிள்ளை. ஜெயரூபி டீச்சரே அவர் வீட்டுக்குப் போனாள், சாயங்காலம், சூளைப் புகை கண்ணைக் கரிக்க. "வேண்டாம் டீச்சர், இது சொன்ன இடத்துல நிக்காத பிள்ளை. சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா நாலு கடை தள்ளி நின்னு எவன்கிட்டயாவது கதை கேட்டுட்டு இருக்கும். நான் கயிறு கட்டாத குறைதான்" என்றார். அவள் சிரித்தாள். ஏன் சிரித்தோம்? "உங்ககிட்ட நிக்க மாட்டா அண்ணாச்சி, எங்கிட்ட நிப்பா. கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டாந்து உங்க கையில விடுவேன், என் பொறுப்பு" என்றாள். என் பொறுப்பு. எவ்வளவு லேசாக வாயில் வருகிறது. அவர் பெருவிரலை மையில் ஒற்றிப் படிவத்தில் வைத்தார், அப்புறம் அந்த விரலைச் சுவரில் துடைக்க, நீலமாக ஒரு கோடு விழுந்தது. போகிற வழியில் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும் இனிமேல். சரி, அதற்கென்ன, பிள்ளை பின்னால்தானே இருக்கிறாள். முப்பத்தெட்டில் அவளும் ஒன்று.

கை மறுபடி குறுகுறுத்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஜன்னல் வழியே கையை நீட்டிக் கழுவினாள். காற்று தண்ணீரைத் தங்கதுரை சார் முகத்தில் அடித்தது, அவர் வாயை மூடிக்கொண்டு தூங்கினார். இந்தக் கையால்தானே காலையில் முப்பிடாதியின் தலையைப் பிடித்தோம். ரயில்வே கேட் தாண்டியதும் "டீச்சர், வாந்தி வருது" என்றாள், வண்டியை ஓரங்கட்டுவதற்குள் பாதி உள்ளே, பாதி வெளியே. டீச்சர்தான் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள், சுருட்டை முடி, தேங்காய் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து கை வழுக்கியது. வாந்தி எடுத்து வாய் கொப்பளித்த மறு நிமிஷமே "முதலை உசிரோட இருக்குமா டீச்சர், செத்ததா?" என்று கேட்கிறாள். பிள்ளையா அது? மியூசியத்தில் நுழைந்ததிலிருந்து ஓயவில்லை. தேவாங்குக்கு ஏன் கண்ணாடிக் கண்ணு வச்சாங்க, அதோட சொந்தக் கண்ணு எங்க? ரெண்டு தலைக் கன்னுக்குட்டி எந்த வாயால பால் குடிச்சுது? ஆந்தைக்கு வயித்துக்குள்ள பஞ்சு வச்சா அதோட பசி எங்க போகும்? விளக்கம் சொல்கிற ஆள் முதல் நாலு கேள்விக்குச் சிரித்தார், அஞ்சாவதுக்கு முகத்தைச் சுளித்தார். முதுமக்கள் தாழி அறைக்கு வந்ததும், அந்தப் பெரிய பானையைச் சுற்றி வந்து, "இதுக்குள்ள உக்கார வச்சா டீச்சர் புதைப்பாங்க? எங்கம்மாவைப் படுக்க வச்சுல்லா புதைச்சாங்க. உக்கார வச்சா காலு வலிக்காதா?" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். பதில் இல்லாதபோது வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம். "ஏட்டி வாயாடி, உன் தொணதொணப்பு போதும். இந்தத் தாழி பக்கத்துல நில்லு. நான் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் அசைஞ்ச, தோலை உரிச்சிருவேன்" என்றாள். அம்மாவைப் பற்றிக் கேட்ட பிள்ளையிடம். அது அப்போது தோன்றவில்லை, இப்போது சர்க்கரை ஆலை தாண்டிய பிறகு தோன்றி என்ன புண்ணியம்? ஊர் போய் இறங்கியதும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும். ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுக்கலாம். வேண்டாம், எல்லாப் பிள்ளையும் பார்க்கும்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் அவசரக் கோலமாக ஆகிப்போனது. இன்னொரு பள்ளிக்கூடத்தார் வந்து இறங்கினார்கள், ஐம்பது அறுபது பிள்ளைகள், திபுதிபுவென்று. அதுவும் அரசுப் பள்ளிதான், அதே துணி, அதே நிறம், அதே தையல். அரசாங்கம் கொடுக்கிற சீருடை ஊருக்கு ஊர் மாறுமா? மலைப்பாம்பு எலும்புக்கூட்டு முன்னால் இரண்டு கூட்டமும் கலந்து, எது நம்முடையது, எது அவர்களுடையது என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து தங்கதுரை சார் ஓடி வந்தார். "டீச்சர், வண்டி நிக்கிற இடம் சரியில்லையாம், போலீஸ்காரன் சத்தம் போடுதான், வாங்க சீக்கிரம்." "மாவிலிக்குளம் எல்லாரும் வாங்க" என்று நாலு அறையிலும் கேட்கக் கத்தினாள். எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் என்றால் எல்லாரும்தானே. வாசலில் நின்று தலையைத் தொட்டுத் தொட்டு ஏற்றினாள், நின்று யோசித்த பிள்ளையை முதுகில் தட்டி "ஏறு ஏறு" என்று ஏற்றினாள். கடைசித் தலை முப்பத்தெட்டு. போலீஸ்காரன் பஸ்ஸின் பக்கவாட்டில் தடியால் தட்டினான். அதோடு முடிந்தது. சந்தேகமாக இருந்தால் இன்னொரு தடவை எண்ணு, யார் வேண்டாம் என்றது? எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணினாள். சீட்டுக்கு மூன்று பேர், சில சீட்டில் நாலு. தூங்குகிறது ஒன்று, தூங்குகிற மாதிரி நடிக்கிறது ஒன்று, கடைசி சீட்டில் வெயிலுக்குத் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஜன்னலோரம் ஒன்று. வாயாடியாகத்தான் இருக்கும், திட்டியதற்குக் கோபித்துக்கொண்டு கடைசிக்குப் போய்விட்டாள். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. "டீச்சர், அது வந்து..." இசக்கிராஜ் பாதி எழுந்தான். "உனக்குத் தனியா சொல்லணுமா? ஊர் வந்து பேசு." உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். எண்ணிக்கை சரிதான் என்று தனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள், வாய்விட்டு.

கண்ணால் எண்ணுவதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கை தொட வேண்டும். அது திருச்செந்தூரில் வந்த பழக்கம், கந்தசஷ்டிக் கூட்டத்தில், மகன் டேனியலுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டு வள்ளியக்கா கூப்பிட்டாள் என்று சும்மா வேடிக்கை பார்க்கப் போன கிறிஸ்தவ வேதக்காரி அவள். மகன் பக்கத்தில் நிற்கிறான் நிற்கிறான் என்றே ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டிருந்தது, மஞ்சள் சட்டை. குனிந்து பார்த்தால் மஞ்சள் சட்டைதான், உள்ளே இருந்தது வேறு பிள்ளை. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள், பார்த்தால் அங்கே ஏதாவது மிதக்கும். பலூன்காரன் வண்டியில் உட்கார்ந்து மகன் சுண்டல் தின்றுகொண்டிருந்தான், "எங்கம்மா போயிட்டா" என்று அவனிடம் சொல்லியிருந்தானாம், காணாமல் போனது என்னவோ அவள்தான் என்கிற மாதிரி. இப்போது ஓசூரில் வேலை, மாதம் இரண்டு தடவை போன் செய்கிறான், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டா. அன்றிலிருந்து துணியை நம்புவதில்லை, தலையைத் தொட்டுத்தான் எண்ணுவது. தொட்டால் தெரியும். முப்பத்தெட்டு தலையும் அவளுக்குத் தெரியும், எண்ணெய் வழிகிற தலை, ரிப்பன் கட்டிய தலை, இசக்கிராஜுடைய உச்சியில் இரட்டைச் சுழி. கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, ரேகைதான். குறுகுறுவென்றே இருந்தது. தேங்காய் நார் மிதியடியைத் தொட்ட மாதிரி. வாசலில் மிதியடி இருந்தது, ஆனால் அதைக் கையால் யார் தொட்டது? காட்டுப்பன்றி மயிர்? அது கண்ணாடிக்குள். அறுத்த வயலில் வெறுங்கையை வைத்த மாதிரி, குட்டையாக, குத்திட்டு, முளைத்துக்கொண்டு வருகிற...

"என்ன டீச்சர்," என்றார் டிரைவர் சண்முகையா, கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டு. "காலைல வாந்தி எடுத்த பிள்ளை இப்ப சத்தமே இல்லாம வருது? ரயில்வே கேட்டு தாண்டியாச்சு. எலுமிச்சம்பழம் வேலை செய்யுதோ?"

எலுமிச்சம்பழம் அவள் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தது அப்படியே சாவிக்குப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. மொட்டை. மொட்டை போட்டு ஒரு மாசம் ஆன தலை, அதைத்தான் கை தொட்டது, அதுதான் குறுகுறுப்பு. பஸ் வாசலில் இருபத்தி ஏழோ எட்டோ என்று எண்ணும்போது தொட்ட தலை, யோசித்துக்கொண்டு நின்றது, முதுகில் தட்டி ஏற்றியது. அவள் வகுப்பில் யார் பழனிக்குப் போனது, யார் மொட்டை போட்டது? யாரும் இல்லை. பொம்பளைப் பிள்ளையில் ஒருத்திகூட இல்லை. கை சொல்லிவிட்டது, அப்போதே சொல்லிவிட்டது, இவள்தான் கேட்காமல் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகளின் தோளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். ஆண்டவரே, அது முப்பிடாதியாக இருக்கட்டும், மொட்டை அடித்திருந்தாலும் முப்பிடாதியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கடைசி சீட்டுக்கு வந்து துப்பட்டாவை விலக்கினாள்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. தலை முழுக்கக் குட்டை முடி. கண் இரண்டும் நிறைந்திருந்தது. வாயில் விரல் வைத்திருந்தது.

"யாரு பிள்ள நீ?"

விரலை எடுக்கவில்லை.

"பேசு தாயி, பேசலாம்."

"கல்லூத்துப்பட்டி ஸ்கூல் டீச்சர்."

"இதுல ஏன் ஏறுன?"

"நீங்கதான் டீச்சர், முதுகுல அடிச்சு ஏறு ஏறுன்னீங்க."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க." அதோடு அது அழ ஆரம்பித்தது, அதுவும் சத்தம் வராமல்.

"அதைத்தான் டீச்சர் நான் சொல்ல வந்தேன்" என்றான் இசக்கிராஜ். "நம்ம முப்பிடாதி ஏறலை. முதல்லயே சொல்ல வந்தேன்." குற்றம் சொல்கிற குரல் இல்லை, மன்னிப்புக் கேட்கிற குரல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வண்டியைத் திருப்பச் சொன்னது யார், தங்கதுரை சார் எப்போது விழித்தார், எதுவும் அவள் காதில் விழவில்லை. மியூசியத்தில் கொடுத்த சீட்டில் அச்சடித்திருந்த நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டு மூன்றாவதில் மணி அடித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அவள் முப்பிடாதியை மெயின் ரோட்டில் பார்த்துவிட்டாள், லாரிக்கு நடுவில் பார்த்துவிட்டாள், பஸ் ஸ்டாண்டில் எவனிடமோ கதை கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள், எவனோ ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டாள். சொன்ன இடத்துல நிக்காத பிள்ளை டீச்சர். வேப்பமரத்தடியில் கொம்பையா நின்றார், செம்மண்ணோடு, பஸ்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குவதை எண்ணிக்கொண்டு. முப்பத்தெட்டும் இறங்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும், அவருடையது மட்டும் இருக்காது. அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் நீ?

"யாரு?" என்றது போன். விளக்கம் சொல்கிற ஆள்.

"மாவிலிக்குளம் டீச்சர் பேசுதேன். எங்க பிள்ளை ஒண்ணு..."

"யம்மா, நீங்கதானா? இங்க கல்லூத்துப்பட்டி சார் ஒரு பிள்ளையைக் காணும்னு கிடந்து துடிக்காரு."

"அது எங்ககிட்ட பத்திரமா இருக்கு, வந்துக்கிட்டே இருக்கோம். எங்க பிள்ளை? சுருட்டை முடி, வாயாடுவா, கேள்வியா கேப்பா..."

"வாயாடுமா? அது ஒரு வார்த்தைக்கு மேல பேசலையே. தாழி பக்கத்துல நிக்கு. ஒரு மணி நேரமா நிக்கு. அந்த சார் வந்து நம்ம பிள்ளைதானோன்னு கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தாரு, வரலை. பெஞ்சுல உக்காருன்னேன், உக்காரலை. டீச்சர் பேரைச் சொல்லிக் கூப்பிடணுமாம்ல. இருங்க, போனைக் கொடுக்கேன்."

செருப்புச் சத்தம். கதவு. அந்த அறையின் எதிரொலி அவளுக்குத் தெரிந்தது, பானையின் வாய் தெரிந்தது. மூச்சு விடுகிற சத்தம் ஒன்று வந்து போனில் மோதியது.

"ஏட்டி..." என்றாள் ஜெயரூபி டீச்சர்.

"டீச்சர், நான் அசையவே இல்ல டீச்சர்."

"தெரியும் தாயி."

"டீச்சர், ஒண்ணுக்கு முட்டுது டீச்சர். போயிட்டு ஓடி வந்து இங்கயே நிக்கட்டா?"

இருபது வருஷ டீச்சர் வேலை. ஃபேன் ஓடுவது கேட்கும் வகுப்பு. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள், எடுத்தாள். "முப்பிடாதி" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை, சத்தமாக, "முப்பிடாதி."

"உள்ளேன் டீச்சர்," என்றது பழக்கத்தில். பிறகுதான் புரிந்து, போனை அந்த ஆள் கையில் போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

அவள் போனை மடியில் வைத்தாள். சண்முகையா அண்ணாச்சி ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தார், கேட் சாத்தியிருந்தது. ஊருக்குப் போன் போட்டுக் கொம்பையாவிடம் சொல்லச் சொல்ல வேண்டும், நேரமாகும் என்று மட்டுமல்ல, நடந்ததை நடந்த மாதிரி. மகள் நின்றாள் என்பதைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும்போது குரல் எப்படி வரும் என்று தெரியவில்லை. எழுந்து திரும்பிப் பார்த்தாள். முப்பத்தெட்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த மொட்டைத் தலைப் பிள்ளையும்.

"விரலை எடுங்க பிள்ளைகளா," என்றாள். "பேசுங்க. என்ன வேணும்னாலும் பேசுங்க."

விரலை எடுத்தார்கள். ரயில் வந்தது, போனது, கேட் திறந்தது. யாரும் பேசவில்லை.